மாப்பிள்ளை இறங்கும் ஆழம்

வேண்டாம் என்று சொல்வதற்காகவே எனக்கு முப்பது வருடம் சம்பளம் கொடுத்தார்கள். திருச்சிப் பக்கம் கொதிகலன் செய்யும் ஓர் ஆலையில் பரிசோதகர் வேலை. வெல்டிங் போட்ட இடத்தில் கிரீஸ் தடவி, சின்னக் கருவி ஒன்றை அதன் மேல் ஓட்டிக்கொண்டே போவேன். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் திரையில் கோடு எகிறும். எகிறினால் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவேன். அந்த வட்டத்தோடு அந்தப் பொருள் ஓரடி நகராது. வெல்டர் முறைப்பார், சூப்பர்வைசர் தோளில் கை போட்டு டீ குடிக்கக் கூப்பிடுவார், மேலேயிருந்து போன் வரும். நான் அசைந்ததில்லை. ஆலையில் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. அதை இங்கே எழுதினால் என் மனைவி கோபித்துக்கொள்வாள்.

வீட்டில் கதையே வேறு. திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் போல் சாது கிடையாது என்பார்கள். பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டுச் சாயங்காலம் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்காரும்போதே, இனி யார் எதைச் செய்தாலும் செய்துவிட்டுப் போகட்டும் என்று ஆகிவிடும். வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட், மகள் எந்தக் காலேஜ், எதிலும் நான் வாய் திறந்ததில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் "எனக்குச் சம்மதம்" என்ற ஒரு வார்த்தையோடு என் பங்கு முடிந்தது.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி நான் எழுதப்போவதைப் படித்தால் அவர்மேல் எனக்கு ஏதோ மனத்தாங்கல் என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய அப்பா இலுப்பூரில் கடலை மண்டி வைத்திருக்கிறார். இவர் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் சேர்ந்தார். கை சுத்தம், பேச்சு சுத்தம். லீவுக்கு வந்தால் என் வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் காபியே குடிப்பார். என் மகளைக் கண்கலங்க விட்டதில்லை. ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

சில வருடங்களுக்கு முன்பு, ஆழ்கடலில் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போன சின்னக் கலம் ஒன்று திரும்பி வராத செய்தி உலகமெல்லாம் ஓடியது நினைவிருக்கும். நாலைந்து நாள் டி.வி.யில் வேறு பேச்சே இல்லை. உள்ளே இன்னும் எவ்வளவு நேரத்துக்குக் காற்று இருக்கும் என்று மணிக்கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், தொடர்பு அறுந்த நிமிடமே முடிந்திருக்கும் என்று சொன்னேன். விவரம் தெரிந்தவர்கள் வெகுநாள் முன்பே எழுதி எச்சரித்திருந்தார்கள் என்று பிற்பாடு செய்தி வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவர்களை நினைத்து மட்டும் அல்ல, அந்த எச்சரிக்கையை எழுதியவர்களையும் நினைத்து. எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கியிருப்பார்கள்? என் மனைவி "பாவம்" என்று சொல்லிவிட்டு சீரியலுக்கு மாற்றினாள். நம் வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்கு அடுத்த லீவில் மாப்பிள்ளை வந்தபோது எல்லோரும் ஒரு காரில் சித்தன்னவாசல் போனோம். பேத்திக்கு அப்போது மூன்று வயது. குகைக்கு வெளியே பாறை நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வேலை மாறப்போவதாகச் சொன்னார். செங்கடல் கரையில் ஒரு சுற்றுலாக் கம்பெனி. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்னக் கலத்தில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போய்ப் பவளப்பாறை, மூழ்கிய கப்பல் எல்லாம் காட்டிவிட்டு மேலே வருவது. இவருக்கு அதை ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார்களாம்.

"இங்க பாருங்க மாமா" என்று போனில் படம் காட்டினார். மஞ்சள் பெயின்ட் அடித்த உருளை. ஓரத்தில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இவர் நின்று கட்டை விரலைக் காட்டுகிறார்.

என் கண் கட்டை விரலைப் பார்க்கவில்லை. உருளையும் ஜன்னல் வளையமும் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"இது இரும்பா மாப்ளே?"

"இல்லைங்க மாமா. கார்பன் நாரு சுத்திப் பசை ஊத்திச் செஞ்சது. வெயிட் கம்மி. புது டெக்னாலஜி."

"எவ்வளவு ஆழம்?"

"இப்போதைக்கு ஐந்நூறு மீட்டருங்க."

எனக்கு வாயிலிருந்த சோறு கசந்தது. ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தின் மேல் இரண்டு எருமை ஏறி நிற்பது போல பாரம் இருக்கும். அந்த உருளையைச் சுற்றி எத்தனை தீப்பெட்டி ஒட்டலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கொதிகலன் உள்ளிருந்து வெளியே முட்டும். பழுது இருந்தால் முதலில் கசியும், சீறும், ஓடித் தப்பிக்கக் கொஞ்சம் நேரம் கொடுக்கும். வெளியிலிருந்து அழுத்தும் பாரம் அப்படி இல்லை. அது கண் மூடித் திறக்கும் நேரம்கூடக் கொடுக்காது.

"யாரு சர்டிபிகேட் குடுத்தது மாப்ளே?"

"கம்பெனியே பாத்துக்கிருதுங்க மாமா. வெளி ஆளுகளைக் கூப்பிட்டா வருசக்கணக்குல இழுத்தடிப்பாங்களாம்."

"டெஸ்ட் பண்ணினாங்களா?"

"ஆளில்லாம ஒரு தடவை எறக்கிப் பாத்தாங்களே."

ஒரு தடவை! நான் நிமிர்ந்து உட்கார்ந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். இலைக்கு அடியில் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மாப்பிள்ளையிடம் இப்படிக் குறுக்கு விசாரணை பண்ணக் கூடாது. பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையின் வேலையைக் குறை சொல்வது, அவரைக் குறை சொல்வது. எங்கள் பக்கத்தில் அது சாதாரண மரியாதை, யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. நானும் அதிலேயே வளர்ந்தவன்தான். ஆலையில் இருந்தால் அந்த உருளை முழுக்க வட்டம் போட்டுத் தள்ளியிருப்பேன். அங்கே என்ன சொன்னேன் தெரியுமா?

"பாத்துப் போங்க மாப்ளே."

பஸ் ஏறுகிறவரிடம் சொல்வது போல. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று குகைக்குள் போனபோது, சுவர் ஓவியத்துக்கு முன்னால் காவலாளி "கம்பியைத் தாண்டி வராதீங்க சார்" என்றார். மாப்பிள்ளை உடனே இரண்டடி பின்னால் வந்து, பேத்தியையும் இழுத்துக்கொண்டார். சொன்னதைக் கேட்கிற பிள்ளைதான். எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை.

வாயில் வராதது கையில் வரும் என்று கடிதம் எழுதினேன். அவர் லீவு முடிந்து கிளம்புவதற்குள் நாலு நாள் உட்கார்ந்து, கம்பெனி மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஆறு பக்கம். எந்த இடத்தை எப்படிப் பரிசோதிக்க வேண்டும், எத்தனை தடவை இறக்கிப் பார்க்க வேண்டும், ஜன்னல் வளையத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று படம் போட்டு எழுதினேன். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மனிதரை ஏற்றாதீர்கள் என்று முடித்தேன். மாப்பிள்ளையிடம் கொடுத்தபோது கூச்சமாக இருந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கி, பாஸ்போர்ட் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கொடுக்காமல் இருந்துவிடுவாரோ என்று சந்தேகப்பட்டேன். இல்லை, அங்கே போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கொடுத்துவிட்டார். பதிலையும் மறைக்காமல் சொன்னார்.

"மேனேஜரு முழுசாப் படிச்சாருங்க மாமா. ஒங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. ஆனா, நீங்க இரும்பு பாத்த ஆளுன்னும் இது புதுப் பொருளு, அந்தக் காலத்துக் கணக்கு இதுக்கு ஒத்துவராதுன்னும் சொல்றாரு."

எனக்குச் சுருக்கென்றது. பாதி உண்மை என்பதால்தான் சுருக்கென்றது. நான் இரும்பு பார்த்த ஆள்தான். அதன் பிறகு ஒரு வருடம் ராப்பகலாகப் படித்தேன் என்றால் மிகையாகத் தெரியும், ஆனால் பேப்பர் படிக்கிற நேரத்திலெல்லாம் இதைத்தான் படித்தேன். தெரிந்தவர்கள் எழுதியதெல்லாம் நான் பயந்ததைத்தான் சொன்னது. அப்படிப்பட்ட பொருள் ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இழை விட்டுக்கொண்டே வரும். கட்டுக்கம்பியை வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்தி ஒடிக்கிறோமே, அது மாதிரி. கம்பெனிக்காரர்கள் 'இத்தனை தடவை போய்ப் பத்திரமாக வந்திருக்கிறோம்' என்று போர்டு எழுதி வைத்திருப்பதாக மாப்பிள்ளை பெருமையாகப் படம் அனுப்பினார். அந்த எண் ஏற ஏற அவர்களுக்குத் தைரியம் கூடியது, எனக்குப் பயம் கூடியது. ஒரே எண்தான்.

மனைவியிடம் சொன்னால், "டி.வி.யில பாத்தது வேற கம்பெனிங்க, இது வேற கம்பெனி. நீங்க தோசைக்கல்லையே தட்டித் தட்டிப் பாத்து வாங்குற ஆளு" என்பாள். மகளிடம் ஒருநாள் துணிந்து சொன்னேன். அவள் என்னைப் போல. பதில் பேசாமல் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளுக்குள் பயம் புகுந்துவிட்டது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பயம்தான் காரியத்தைக் குலசாமியிடம் கொண்டுபோய் நிறுத்தியது. ஒப்பந்தம் முடிந்து மாப்பிள்ளை ஊருக்கு வந்திருந்தார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இனி இன்னும் ஆழத்துக்குப் போகப் போகிறார்களாம். குடும்பத்தையும் கூட்டிப்போகலாம், வீடு கொடுப்பார்கள். மகள் "வேண்டாமே" என்று இழுத்திருக்கிறாள். மாப்பிள்ளை "ஒங்கப்பா சொல்லிக்குடுத்தாரா?" என்று கோபப்படாமல் சிரித்திருக்கிறார். வீட்டுக்குள் இழுபறி வந்ததும் சம்பந்தி எனக்குப் போன் போட்டார்.

"சம்மந்தி, நாமளா ஒண்ணு சொல்லி நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா சங்கடம். அய்யனார்ட்ட பூப் போட்டுப் பாத்துருவோம். அவரு சொல்றபடி செய்வோம். என்ன சொல்றீக?"

பூப் போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இலையில் மடித்து நாரால் கட்டி, சாமி காலடியில் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் பார்க்க, வீடு கட்ட, ஆபரேஷனுக்குக்கூடப் பூக் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

முப்பது வருடம் கருவி வைத்து வேலை பார்த்தவன், அறிவு இருந்தால் அங்கேயே மறுத்திருக்க வேண்டும். 'சம்பந்தி, இது பூவைக் கேட்கிற விஷயம் இல்லை, பொருளைக் கேட்கிற விஷயம்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "நல்ல யோசனை சம்மந்தி" என்றேன். மனதுக்குள் துள்ளினேன். நான் சொல்ல முடியாததைச் சாமி சொல்லிவிடும், யார் மனமும் புண்படாது, மாப்பிள்ளையும் மறுக்க மாட்டார். எவ்வளவு சுளுவான வழி! பயந்தாங்கொள்ளிக்குத்தான் இப்படி வழியெல்லாம் தென்படும்.

இலுப்பூரிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், கண்மாய்க் கரையில் அவர்கள் கோயில். வெள்ளிக்கிழமை காலை. மண்குதிரைகளுக்கு நடுவே கார்களை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கினோம். பூசாரி பூத்தட்டை நீட்டியதும் சம்பந்தி சொன்னார், "பொட்டலத்தை எங்க சம்மந்தி கட்டட்டும். அவரு கைக்கு ஒண்ணுன்னா ஒண்ணுதான். நம்பிக்கையான ஆளு."

தட்டை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். கட்டுகிறவரை யாரும் பார்க்கக் கூடாது என்பது முறை. தட்டில் நந்தியாவட்டை ஒரு பிடி, செவ்வரளி ஒரு பிடி. இரண்டு துண்டு வாழையிலை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இரண்டிலும் அரளியை வைத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? எடுத்த பொட்டலத்தைப் பிரிப்பார்கள், எடுக்காததைப் பிரிக்காமல் கண்மாயில் விட்டுவிடுவார்கள். ஒரு நிமிட வேலை. மாப்பிள்ளை ஊரோடு இருப்பார். மண்டியைப் பார்த்துக்கொள்வார். என் மகள் மஞ்சள் குங்குமத்தோடு இருப்பாள்.

அரளியை எடுத்து முதல் இலையில் வைத்தேன். இரண்டாவது இலையிலும் அரளியை வைத்தேன். நாரைக் கையில் எடுத்தேன்.

கட்ட வரவில்லை. சாமி குத்தம் என்ற பயம் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது இல்லை. ஒரு சோதனையின் முடிவை முன்கூட்டியே எழுதிவைக்க என் கைக்குத் தெரியவில்லை. ஒருமுறை ஆலையில் ஒரு பெரிய குழாய் கப்பலேற வேண்டிய நாள். அதிகாரி ஒருவர் என் முன்னால் ரிப்போர்ட்டை வைத்து, தேதியை மட்டும் மாற்றிப் போடு என்றார். போடவில்லை. எனக்கு வர வேண்டிய பிரமோஷன் அதோடு போயிற்று. அதை இத்தனை வருடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அந்தக் கைதான், அந்த வெள்ளிக்கிழமை, இரண்டாவது இலையிலிருந்து அரளியை எடுத்துவிட்டு நந்தியாவட்டையை வைத்தது. இரண்டையும் ஒரே அளவாக, ஒரே எடையாக, எது எதுவென்று எனக்கே தெரியாத மாதிரி கட்டி முடித்தேன். அவ்வளவு ஒழுங்கான பரிசோதனையை நான் ஆலையில்கூடச் செய்ததில்லை.

பேத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குனிந்து ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

பெண்கள் குலவையிட்டார்கள். மாப்பிள்ளை சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, நேரே வந்து என் காலையும் தொட்டார். "இப்பத் திருப்தியா மாமா?" என்று கேட்டார். கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். என் மகள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் நான் அவளுக்குள் ஏற்றிவைத்த பயம் முழுக்க இறங்கிப்போய், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் சாமியையே எதிர்த்துப் பேசுகிறவன். ஒரு தடவை லேசாக ஆரம்பித்தேன். "நீங்கதானங்க சரின்னீங்க, நீங்கதான கட்டுனீங்க" என்று என் மனைவி ஒரே போடாகப் போட்டாள். சரிதானே? என் கையால் கட்டி என் வாயையே மூடிக்கொண்டேன்.

அவர்கள் மூன்று பேரும் போய் எட்டு மாதம் ஆகிறது. பேத்தி அங்கே பள்ளிக்கூடம் போகிறாள். வீடியோ காலில் பேசும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் மட்டும் அவரிடம் பேசும்போது சுற்றிச் சுற்றி அதிலேயே வந்து நிற்பேன். "ஜன்னல் வளையத்தைத் துடைக்கும்போது கொஞ்சம் உத்துப் பாருங்க மாப்ளே." "சரிங்க மாமா." "ஏதாவது கீறல் தெரிஞ்சா போட்டோ எடுத்து அனுப்புங்க." "சரிங்க மாமா." பெரியவர்களுக்கென்று நாம் ஒரு 'சரி' வைத்திருக்கிறோம். அதற்கு அர்த்தம் 'கேட்டுக்கொண்டேன்' என்பதுதான், 'செய்கிறேன்' என்பது அல்ல. நானும் என் அப்பாவிடம் அதைத்தான் சொல்லி வந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளிடமிருந்து என் மனைவியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்தை ஒருநாள் இலவசமாகக் கூட்டிப்போனார்களாம். மகளும் பேத்தியும் அந்தக் கலத்துக்குள் போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

போன் போட்டேன். "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா விடமாட்டீங்கப்பா. பயந்து பிரஷர் ஏத்திக்குவீங்க. அதான் வந்த பெறகு அனுப்புனேன். அவரு ஓட்டுறப்ப எனக்கென்னப்பா பயம்? பாப்பா ஒரே குசி. பாருங்க மொதல்ல."

பார்த்தேன். என் மனைவி ஏற்கெனவே பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டம்மாவையும் மாடிவீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டுவைத்து மறுபடி ஓடவிட்டிருந்தாள். சின்ன இடம். நீல வெளிச்சம். முன்னால் மாப்பிள்ளையின் முதுகு. ஜன்னலுக்கு வெளியே மீன் கூட்டம் திரும்புகிறது. பேத்தி மூக்கை ஜன்னலில் அழுத்திக்கொண்டு கத்துகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அதற்கு நடுவே, சட். கொஞ்சம் கழித்து இன்னொன்று. சட்.

"அப்பா, யாரு சொடக்குப் போடுறா?" என்று பேத்தி கேட்கிறாள். உள்ளே இன்னொரு சிரிப்பு.

மாடிவீட்டுப் பெண்ணும் சிரித்தாள். நான் மனைவியின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

வேலையின் கடைசி ஆறு வருடம் நான் பார்த்தது சத்தப் பரிசோதனை. கொதிகலனின் உடம்பில் காது மாதிரி சின்னக் கருவிகளை ஒட்டிவைத்து, பாரம் ஏற்றும்போது உள்ளே என்ன கேட்கிறது என்று கவனிப்போம். அதில் முதல் பாடமே இதுதான்: புதிதாக ஒரு பாரத்தைச் சந்திக்கும்போது பொருள் சத்தம் போடலாம். ஆனால் ஒருமுறை தாங்கிய பாரத்தை மறுபடி ஏற்றும்போது, அந்த அளவைத் தாண்டும்வரை நல்ல பொருள் வாயைத் திறக்காது. முன்பு தாங்கியதற்குள்ளேயே சத்தம் வந்தால், உள்ளே எங்கோ விட்டுப்போயிருக்கிறது. வேலையை நிறுத்தி, ஆளை வெளியேற்றிவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

வீடியோ நாற்பத்தைந்து விநாடி. ஹெட்போன் மாட்டிக்கொண்டு எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஒன்பது சத்தம். ஒருவேளை இருக்கை நெளிகிற சத்தமாக இருக்கலாம், ஏதாவது மூடி இறுகுகிற சத்தமாக இருக்கலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். போனில் பதிவான சத்தத்தை வைத்து யாரும் ரிப்போர்ட் எழுத முடியாது, அதுவும் தெரியும். ஆனால் ஆலையில் அந்த ஒன்பதைக் கேட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன்.

மாப்பிள்ளையைப் பிடிக்க மறுநாள் ஆனது. நமக்குப் பத்தரை மணி, அங்கே காலை எட்டு. கடற்கரைக் காற்று இரைய இரையப் பேசினார்.

"மாப்ளே, அந்த வீடியோவுல ஒரு சத்தம் கேக்குதே."

"அதுங்களா மாமா? அது எப்பவும் வர்றதுதான். பசை செட்டாகுற சத்தம்னு சொன்னாங்க."

"எப்பவும்னா? மொத நாள்லருந்தா?"

"ஆமாங்க. ஆனா முந்தியெல்லாம் நல்லா ஆழத்துக்குப் போனாத்தான் கேக்கும். இப்ப எறங்குன கொஞ்ச நேரத்துலயே ஆரம்பிச்சுருது. பழகிப்போச்சுங்க மாமா. டூரிஸ்ட்டுகதான் பயப்படுறாங்க, அதுக்காகப் பாட்டுப் போட்டுவிட்டுர்றோம்."

எந்த ஒரு விஷயத்தை என் வாழ்நாளில் யார் வாயாலும் கேட்டுவிடக் கூடாதோ அதை அவர் சாவகாசமாக, என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டேய், அதுல ஏறாதடா!" என்று கத்தினேன். "ஒங்க மேனேஜரு நாசமாப் போக. எறங்காத. சொல்றதக் கேளுடா. இன்னைக்கு ஒரு நாள் ஏறாத, நான் எல்லாத்தையும் வெவரமாச் சொல்றேன். கேளுடா!"

என் வாழ்க்கையில் அவரை ஒருமையில் பேசியதில்லை. கல்யாணத்துக்கு முன்புகூட இல்லை.

"சரிங்க மாமா" என்றார். குரல் மாறியிருந்தது. "ஆளுக வந்துட்டாங்க. வச்சுர்றேன்."

அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு என் மனைவி நின்றாள். கையில் கரண்டி. முகம் வெளிறிப் போயிருந்தது. அவளுக்கு இப்போதாவது புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"என்னங்க இது, மாப்பிள்ளையப் போயி டேய்ங்கிறீங்க? ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சா? நம்ம புள்ள நாளைக்கு அந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து இருப்பா?"

சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதைப் பற்றிச் சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு 'டேய்' மட்டும்தான். மகளுக்குப் போன் போட்டேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போன நேரம் போல, எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மறுபடி போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கமாட்டாரு. மனசு விட்டுப்போயிருப்பாரு. மெசேஜாவது போடுங்க" என்று என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுதால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன், அது அவளுக்கும் தெரியும். அவள் சொல்லச் சொல்ல நான் போனில் டைப் அடித்தேன். 'மாப்பிள்ளை, கோபத்தில் ஏதோ பேசிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும்.' கடைசி வரியை அழித்துவிட்டு 'இன்று இறங்க வேண்டாம்' என்று மாற்றினேன். அவள் கையை நீட்டி அதை அழித்தாள். மன்னிப்புக் கேட்கும்போது யாராவது திரும்ப அதையே சொல்வார்களா என்று கேட்டாள். பழைய வரியை அவளே அடித்து அனுப்பினாள்.

"போயிருச்சா?" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

பார்த்தேன். ஒற்றை டிக்தான் விழுந்திருந்தது, அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீருக்குள் சிக்னல் கிடையாது. அவர் இறங்கிவிட்டார்.